ஜன்னல் என்று படிக்கவும்

எங்கள் கடையில் விற்கும் சாமான்களில் பாதி, என் மனைவியின் நாவல்களுக்குள் நுழைய முடியாது. நாற்காலி போகலாம். கட்டில் தாராளமாகப் போகலாம். மேசையும் அலமாரியும் வாசலோடு நிற்க வேண்டியதுதான். சோபாவைப் பற்றிப் பேச்சே இல்லை. அவள் எழுதுவது பல நூறு வருஷங்களுக்கு முன்னால் நடக்கும் கொலைகளை. அந்தக் காலத்தில் மேசை, அலமாரி என்ற சொற்கள் நம் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம். பிறகுதான் கப்பலில் வந்து இறங்கினவாம். கப்பலில் வந்தால் என்ன, நடந்து வந்தால் என்ன, எங்களுக்குச் சோறு போடுவது இந்த இரண்டும்தான். அவளிடம் இதைச் சொன்னால் எடுபடாது.

முன்பக்கம் கண்ணாடி போட்ட கூடம், பின்பக்கம் வார்னிஷ் வாடை போகாத பட்டறை, மாடியில் வீடு. இவ்வளவுதான் எங்கள் உலகம். அளவெடுப்பதும் விலை பேசுவதும் என் வேலை, கல்லா அவளுடையது. சரித்திரம் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் மரக்கடைக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று அவள் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அவள் சொல்வது வேறு.

"வேலை கிடைக்கலன்னு யாரு சொன்னா? உக்காந்து எழுத நல்லதா ஒரு நாற்காலி தேடிட்டிருந்தேன். கிடைச்சுது."

மத்தியான வேளையில் எங்கள் கடையில் ஈ காக்கை இருக்காது. அந்த நேரத்தில்தான் எழுத ஆரம்பித்தாள். எனக்கு முதலில் ஒன்றும் தெரியாது. புது வீட்டுக்குச் சாமான் பார்க்க வந்த ஒரு குடும்பத்துக்கு மூன்று கதவு அலமாரியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தேன். கல்லாவிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, இதுக்குள்ள ஒரு ஆளைப் போட்டுப் பூட்டினா எவ்வளவு நேரம் தாங்குவான்?"

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நழுவிவிட்டார்கள். தெரு முழுக்க விஷயம் பரவி, அவளுக்குக் கொலையக்கா என்று பெயர் வந்தது. எங்கள் மகள் பள்ளிக்கூடத்தில், 'அம்மா என்ன செய்கிறார்?' என்ற கேள்விக்கு எதிரே 'கொலை' என்று எழுதி, கையெழுத்து அழகாக இருந்ததற்காக நட்சத்திரமும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அவள் நாவல்களில் துப்புத் துலக்குவது ஒரு சுங்கக்காரி. ஆற்றுத்துறையில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளிடம் சுங்கம் வாங்குகிற நடுத்தர வயதுப் பெண். ஒருவன் வாயைத் திறந்தால் போதும், எந்த ஊர்க்காரன், என்ன பிழைப்பு, யாரிடம் பொய் சொல்லிவிட்டு வருகிறான் என்று கண்டுபிடித்துவிடுவாள். அந்தச் சுங்கக்காரிக்கு ஒரு கணவன் உண்டு. நல்லவன், நன்றாகச் சாப்பிடுவான், ஒவ்வொரு நாவலிலும் தப்பான ஆளைச் சந்தேகப்படுவான். அவனை எங்கிருந்து எடுத்தாள் என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

முதல் நாவல் வெளிவந்து கொஞ்ச நாள் இருக்கும். பக்கத்துத் தெருப் பல் டாக்டர் கையில் புத்தகத்தோடு கடைக்குள் வந்தார். எங்கள் வயதுதான். ஒல்லியானவர். யார் சிரித்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பார்.

"எழுதினது நீங்கதானாம்மா?"

"ஆமாங்க."

"கதை பிரமாதம். ஆனா ஒரு சிக்கல் இருக்கு. பூட்டின அறைக்குள்ள கொலை. சாவி யாருகிட்ட இருந்துச்சுங்கறதுதான் கதையே. சரிதானே?"

"சரிதான்."

"அந்தக் காலத்துல சாவியே இல்லம்மா."

"அப்போ எப்படிப் பூட்டினாங்க?"

"பூட்டு இருந்துச்சு. பூட்டினாங்க, திறந்தாங்க. திறவுகோல் வெச்சுத் திறந்தாங்க. சாவிங்கற சொல்லு கப்பல்ல வந்தது. ஜன்னலும் அப்படித்தான். உங்க கொலைகாரன் இல்லாத ஜன்னல் வழியா எகிறிக் குதிச்சு, இல்லாத அலமாரிக்குப் பின்னால ஒளியறான்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "சாவின்னு எழுதினாத்தானே டாக்டர் ஜனங்களுக்குப் புரியும்?" என்றேன். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இனிமேல் இவர்கள் ஒரு கட்சி, நான் தனிக் கட்சி என்று அப்போதே விளங்கிவிட்டது.

அன்று மாலை அவள் சாப்பிடவில்லை. "ஒரு உலகத்தையே பாத்துப் பாத்துக் கட்டினேன். நடுவுல இவ்வளவு பெரிய ஓட்டையை விட்டுட்டேனே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது குறைவு. எனக்கு டாக்டர்மேல் எரிச்சலாக வந்தது. மறுநாள் அவள் இரண்டாவது நாவலின் கையெழுத்துப் பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு அவர் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டாள். "ஒரு சொல்லு தப்பா இருந்தாலும் பிடுங்கிடுங்க" என்று கொடுத்துவிட்டு வந்தாள்.

அன்று முதல் அவள் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பது அவர்தான். வரிக்கு வரி சல்லடை போட்டுச் சலிப்பார். குற்றவாளியைக் கைது செய்தார்கள் என்று எழுதினாள். "கைன்னு ஆரம்பிக்கறதால நம்ம வீட்டுச் சொல்லுன்னு நினைச்சுட்டீங்க. அதுவும் வெளியூர்தான்" என்றார். கைது செய்ய முடியாமல் துப்பறியும் கதை எழுதுவது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. அவள் பிடித்துக் கட்டினார்கள் என்று மாற்றி எழுதினாள். ஏலம் போனது, பீப்பாய் போனது. மத்தியானம் டாக்டர் எங்கள் கடைக்கு வந்து, விற்காத நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து டீ குடித்தபடி ஒவ்வொரு சொல்லுக்கும் அவளோடு மல்லுக்கு நிற்பார். வாடிக்கையாளர்கள் இவர்களைப் பாகப்பிரிவினைக்கு வந்த அண்ணன் தங்கை என்று நினைத்துக்கொள்வார்கள்.

வீட்டிலும் இந்தத் தொற்று பரவியது. அவசரமாக வெளியே கிளம்பும்போது, "வண்டிச் சாவி எங்கம்மா?" என்று கேட்பேன்.

"எந்த நூற்றாண்டுல கேக்கறீங்க?" என்பாள்.

ஒவ்வொரு புத்தகத்தின் உள்பக்கத்திலும் மெய்ப்பு என்று போட்டு டாக்டரின் பெயர் சிறிய எழுத்தில் வரும். அந்தப் பக்கத்தைத் தனியாகச் சட்டம் போட்டு, பல்வலிக்காரர்கள் காத்திருக்கும் அறையில் வரிசையாக மாட்டியிருந்தார். சட்டம் எங்கள் பட்டறையில் செய்ததுதான். படித்துப் பட்டம் வாங்கிய சான்றிதழை அவர் கழிப்பறைக்குப் போகிற வழியில் மாட்டியிருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷத்தில் அவர் பார்த்த புத்தகத்தில் ஒரு பிழை உண்டென்று யாரும் சொன்னதில்லை.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசி அத்தியாயத்தை டாக்டருக்குக்கூடக் காட்டமாட்டாள். அதை மட்டும் தானே மெய்ப்புப் பார்த்து நேராக அச்சகத்துக்கு அனுப்பிவிடுவாள். முடிவு தெரிந்தவர்கள் முன்பக்கங்களைச் சரியாகப் படிக்கமாட்டார்கள் என்பது அவள் கட்சி. டாக்டர் கைபட்ட மற்ற பக்கங்களை அவள் திரும்பப் பார்ப்பதும் கிடையாது. அச்சாகி வந்த முதல் பிரதி எனக்கு. கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்தி, கொலைகாரன் யார் என்று நான் சொல்ல வேண்டும். ஒன்பது நாவலிலும் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். அதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஒன்பதுக்குப் பிறகு பதிப்பாளர் கடைக்கு வந்தார். சுற்றி வளைத்துப் பேசி, கடைசியில் விஷயத்துக்கு வந்தார். "உங்க எழுத்துமேல எனக்கு மரியாதை உண்டும்மா. ஆனா விக்க மாட்டேங்குது. அடுத்தது ஒண்ணு பாப்போம். அதுவும் எடுபடலன்னா சுங்கக்காரியை ஓய்வெடுக்கச் சொல்லிடுங்க."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பத்தாவது நாவலுக்கு என்ன எழுதுவது என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். முதல் நாவலில் தன்னைத் தலைகுனிய வைத்த சொற்களில் ஒன்றை வைத்து ஒரு கொலைகாரனைப் பிடிப்பது என்று முடிவு. புத்தகத்தைப் படிக்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், முடிவைச் சொல்லாமல் மேலே போக வழியில்லை.

இந்தத் தடவை கதையை, கப்பல்கள் அப்போதுதான் துறைமுகத்துக்கு வந்து இறங்க ஆரம்பித்த காலத்துக்குக் கொண்டுபோனாள். உள்நாட்டு ஊர் ஒன்றில் முத்து வியாபாரி கொல்லப்படுகிறார். வண்டிக்காரன் ஒருவன் சாட்சி சொல்ல வருகிறான். தான் மலையைத் தாண்டியதில்லை, கடலைக் கண்ணால் பார்த்ததில்லை என்கிறான். பிறகு, யாரோ ஒருவன் ஜன்னல் வழியாகக் குதித்து ஓடியதைப் பார்த்தேன் என்கிறான். புத்தகம் முழுக்க எல்லோரும் சாளரம், சாளரம் என்றுதான் சொல்வார்கள். அவன் ஒருவன் மட்டும், ஒரே ஒரு தடவை, ஜன்னல் என்கிறான். கப்பல்காரர்களோடு பழகியவன் வாயில்தான் அந்தச் சொல் அப்போது இருக்க முடியும். திருடிய முத்துகளை விற்கத் துறைமுகத்தில் பல நாள் தங்கியிருக்கிறான். நமக்கோ ஜன்னல் என்பது காலையில் எழுந்து திறக்கிற சாமான். படிக்கிற யாரும் அந்த இடத்தில் நிற்காமல் போய்விடுவார்கள். சுங்கக்காரி மட்டும் நிற்பாள். இதைவிட நேர்த்தியாக ஒரு கண்ணி வைக்க முடியாது என்று இன்றைக்கும் சொல்வேன், அவள் என் மனைவி என்பதற்காக அல்ல.

புத்தகம் அச்சில் இருந்தபோது எனக்குக் கடைவாய்ப் பல்லில் குடைச்சல் வந்தது. டாக்டர் என்னை நாற்காலியில் சாய்த்து, வாயைப் பிளக்க வைத்து, பஞ்சை அடைத்து, கருவியை உள்ளே விட்டபடி பேச்சைத் தொடங்கினார்.

"மேடம் இந்தத் தடவை அசத்திட்டாங்க. மொத்தப் புத்தகத்துலயும் ஒண்ணே ஒண்ணுதான் அகப்பட்டுச்சு. அதுவும் யாருன்னு நினைக்கறீங்க? நம்ம பழைய எதிரி, ஜன்னல். பழக்கதோஷம், பாவம். சத்தம் காட்டாம சாளரம்னு போட்டு அனுப்பிட்டேன். அவங்ககிட்ட சொல்லிடாதீங்க, சங்கடப்படுவாங்க."

நான் அப்போது புத்தகத்தைப் படித்திருக்கவில்லை. நல்ல மனுஷன் என்று நினைத்தேன். பஞ்சும் கருவியும் இடம் கொடுத்த அளவுக்குத் தலையாட்டினேன்.

புத்தகக் கட்டுகள் வந்து இறங்கின. அவள் முதல் பிரதியைப் பிரித்து என்னிடம் கொடுத்தாள். கூடத்தில் கிடந்த இரட்டைக் கட்டிலில் சாய்ந்துகொண்டு இரண்டு மத்தியானம் படித்தேன். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்தி, "வியாபாரியோட மச்சான்" என்றேன். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "படிங்க, படிங்க" என்று சொல்லிவிட்டுக் கல்லாவில் போய் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படித்தேன். "கடலைப் பார்க்காத உன் வாயில் அந்தச் சொல் எப்படி ஏறியது?" என்று சுங்கக்காரி வண்டிக்காரனைக் கேட்கிறாள். அவன் முகம் செத்துப்போகிறது. எந்தச் சொல் என்று நான் முன்னால் புரட்டிப் பார்த்தேன். சாளரம் என்று இருந்தது.

"ஏம்மா, சாளரம்னு எல்லாரும்தானே சொல்றாங்க? இவனை மட்டும் எதுக்குப் பிடிச்சுக் கட்டறாங்க?"

நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்தாள். பிறகு எழுந்து வந்து புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். அந்தப் பக்கத்தை அவள் இரண்டாவது தடவை படித்தபோது எனக்குப் பல் டாக்டர் நாற்காலி ஞாபகம் வந்தது. அவர் சொன்னதைச் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தினால்கூடத் தேவலை என்று இருந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "டாக்டர்கிட்ட இதை எப்படிங்க சொல்றது?" என்றாள். பத்து நாவலில் பெரிய நாவல் கைவிட்டுப் போயிருக்கிறது, அவளுக்கு முதலில் தோன்றியது அதுதான். அந்த நிமிஷத்தில் அவள்மேல் எனக்கு இருந்த பிரியத்தை நேரில் சொல்லத் தெரியவில்லை. எழுந்து போய் மூன்று டீ சொன்னேன்.

டாக்டர் வழக்கம்போல வந்து வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் கடைசி அத்தியாயத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். படித்து முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"இத்தனை வருஷத் தொழில்ல நான் நல்ல பல்லைப் பிடுங்கினதே இல்லம்மா. இன்னிக்குப் பிடுங்கிட்டேன்."

"நான் பிடுங்கச் சொல்லித்தானே கொடுத்தேன், டாக்டர்" என்றாள் அவள்.

பதிப்பாளர் வந்தார். மறுபடி அச்சடிப்பது நடக்காத காரியம் என்று கையை விரித்தார். "பிழை திருத்தம்னு ஒரு சீட்டு அடிச்சு முன்னால ஒட்டிடலாம். இந்தப் பக்கத்துல சாளரம் என்பதை ஜன்னல் என்று படிக்கவும். ஒரு வரி. முடிஞ்சுது."

"முடிஞ்சேதான் போயிடும். கொலைகாரன் இவன்தான்னு முதல் பக்கத்துலயே எழுதி ஒட்டின மாதிரி ஆயிடும்" என்றாள் என் மனைவி.

பதிப்பாளருக்கு அப்போதுதான் உறைத்தது. சீட்டு ஒட்டாவிட்டால் கதைக்குத் தலையும் இல்லை காலும் இல்லை. ஒட்டினால் கதையே இல்லை. சுங்கக்காரி ஓய்வெடுக்கப் போய்விட்டாள் என்றே நான் நினைத்தேன்.

டாக்டர்தான் பேசினார். "ஒரு பிழை இருந்தாத்தான் கண்ணுல படும். நிறைய இருந்தா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இரண்டாவது நாவலின் போதிருந்து அறிவேன். கடையின் பெரிய சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். சரியாக இருக்கும் சொற்களைத் தேடிப் பிடித்துத் தப்பு என்று அறிவிக்கும் வேலை. குதிரை என்பதைப் புரவி என்று படிக்கவும். அவன் என்பதை அவர் என்று படிக்கவும். டாக்டர் ஒவ்வொன்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். குதிரையில் என்ன குறை என்று தனக்குத்தானே முனகினார்.

நானும் என் பங்குக்கு ஒன்று சொன்னேன். "வியாபாரியோட வலது கைன்னு வருதே, அதை இடது கைன்னு மாத்தலாமே?"

"அப்போ மச்சான் கொலைகாரன் ஆயிடுவான்" என்றாள் அவள்.

"அதைத்தானே நான் முதல்லயே சொன்னேன்?"

டாக்டர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

சீட்டு தயாரானதும் பதிப்பாளர் ஒரு முட்டுக்கட்டை போட்டார். இத்தனை பிழையோடு புத்தகம் போனால் பதிப்பகத்தின் மானம் போய்விடும், யாராவது பொறுப்பேற்க வேண்டும் என்றார்.

"என் பேரைப் போடுங்க" என்றார் டாக்டர்.

"வேண்டாம். கூடவே கூடாது. உங்க சுவர்ல எட்டு சட்டம் தொங்குது. இதுல ஒண்ணு தவிர எதுவும் உங்க தப்பு இல்ல" என்றாள் அவள்.

"அந்த ஒண்ணு என்னுதுதானேம்மா. தனியா நின்னா அது ஊருக்கே தெரியும். இத்தனை பொய்ப் பிழைக்கு நடுவுல நின்னா அதுவும் ஒளிஞ்சுக்கும், உங்க கொலைகாரனும் ஒளிஞ்சுப்பான். ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு, விடுங்க."

சீட்டின் அடியில், மேற்கண்ட பிழைகளுக்கு மெய்ப்பு பார்த்தவரே பொறுப்பு என்று அவர் பெயரோடு அச்சாகியது. எல்லாப் பிரதிகளிலும் எங்கள் கடையில் உட்கார்ந்துதான் ஒட்டினோம். மரத்துக்கு ஒட்டுகிற பசை, சீக்கிரம் பிய்ந்து வராது. அவர் இந்த முறை சட்டம் கேட்கவில்லை. நானும் கேட்டுத் தொந்தரவு செய்யவில்லை.

புத்தகம் கடைகளுக்குப் போனது. பல நாள் ஒரு சத்தமும் இல்லை. அவள் கல்லாவில் எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் வருவார், டீ குடிப்பார், வானிலை பற்றிப் பேசுவார். இவர்கள் இரண்டு பேரும் வானிலை பேசிக் கேட்பது எனக்குத் தாங்க முடியாத வேதனையாக இருந்தது.

ஒரு மத்தியானம் பள்ளிக்கூட வேன் ஒன்று வாசலில் நின்றது. அதை ஓட்டுகிற பெண்மணி, காக்கிச் சட்டையும் கலைந்த தலையுமாக, புத்தகத்தை விரலால் அடையாளம் வைத்துப் பிடித்தபடி நேராகக் கல்லாவுக்கு வந்தார்.

"கொலையக்கா நீங்கதானே? உங்க புத்தகம் எல்லாம் படிச்சிருக்கேன். வேன்ல உக்காந்து, பிள்ளைங்க வர்ற வரைக்கும். இவ்வளவு பிழையோட ஒண்ணு வந்ததே இல்ல."

"இந்தத் தடவை அப்படி ஆயிடுச்சுங்க" என்றாள் என் மனைவி.

"நீங்க என்ன பண்ணுவீங்க? யாரு இந்த மெய்ப்புக்காரரு? எதிர்ல வந்தாருன்னா நறுக்குன்னு நாலு கேள்வி கேப்பேன்."

"கேக்க வேண்டியதுதான்" என்றார் டாக்டர், டீ கிளாஸைப் பார்த்தபடி.

அந்த அம்மாள் சீட்டை விரலால் தட்டினார். "குதிரையும் புரவியும் ஒண்ணுதானே? சரி, போகட்டும். இதைப் பாருங்க. சாளரம்னு நல்லாத்தான் இருக்கு, அதைப் போய் ஜன்னல்னு படிக்கணுமாம். முதல் புத்தகத்துக்கு அப்புறம் நீங்க எங்கயும் அப்படி எழுதினதே இல்லையே. அதுவும் யாரு பேசற இடம் தெரியுமா, அந்த வண்டிக்காரன். கடலையே பாத்ததில்லங்கறான். கப்பல்ல வந்த சொல்லு அவன் வாயில எப்படி..."

அவர் நிறுத்திவிட்டார்.

அவர் புத்தகத்தைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். விரல் வைத்திருந்த இடத்தைத் திறந்து வேகமாகப் படிக்க ஆரம்பித்தார். அலமாரி விலை கேட்டு ஒரு ஆள் உள்ளே வந்தார். என் மனைவி உதட்டில் விரலை வைத்து அவரையும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். முதல் நாவலை எழுதி முடித்த நாளில் பார்த்த அதே முகம்.

கடைசிப் பக்கத்தை முடித்து, அந்த அம்மாள் தலையை நிமிர்த்தினார். கண் இரண்டும் பளபளவென்று இருந்தன. மறுபடி சீட்டுக்குத் திருப்பி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் மெதுவாகப் படித்தார். அடியில் இருந்த பெயரையும் படித்தார்.

"எனக்கு இந்த மனுஷரைப் பாக்கணுங்க" என்றார்.

டாக்டர் டீ கிளாஸை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"நான்தாங்க" என்றார்.